விமானத்தில் மாம்பழம் கொண்டு போகலாமா?

வைகாசி, ஆனி மாதங்களில் எமது பங்குப் பணிமனைகளுக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "சுவாமி, மகனிட்டைப் போறன். வளவு மரத்து மாம்பழம் ஒரு பத்துக் கொண்டு போகலாமோ?" வீசாப் படிவம் நிரப்பவும் ஞானஸ்நானப் பத்திரம் எடுக்கவும் வருகிறவர்களே போகிற போக்கில் இதையும் கேட்கிறார்கள். கேட்காமலே கொண்டு போய், அந்நிய நாட்டு விமான நிலையத்தில் பாஷை தெரியாமல் தவித்தவர்களும் உண்டு.

இப்படிக் கேட்பதன் காரணம் எமக்கு விளங்குகிறது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக ஓடியவர்களும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள். காணி திரும்பக் கிடைத்துப் போய்ப் பார்த்தபோது பலருக்கு வீடு இருக்கவில்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. ஆனால் வேலியோரத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் நின்றது. பிள்ளைகள் ஏறி விளையாடிய மரம். அதன் பழத்தைப் பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகன் ஒரு தடவை ருசி பார்க்கட்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் என்ன பிழை?

எனினும் மகன் இருக்கும் நாட்டில் அதற்குச் சட்டம் உண்டு. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கொண்டு போனதை மறைக்க வேண்டாம். படிவத்தில் எழுதி, அதிகாரியிடம் காட்டினால், ஆகக் கூடினால் பழத்தை எடுத்து எறிவார்கள். மறைத்து அகப்பட்டால் தண்டப் பணம், விசாரணை, சில வேளை வீசாவும் போகும். பழத்தை இழப்பதும் பயணத்தை இழப்பதும் ஒன்றல்ல.

இனி, ஒரு பழத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்பதைப் பார்ப்போம்.

கமக்காரருக்குப் பழ ஈயை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வெளியே பார்த்தால் பொன் போன்ற பழம். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பெண் ஈ பழத்தின் தோலில் ஊசி போன்ற உறுப்பால் குத்தி முட்டையிடுகிறது. அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஓரிரு நாளில் முட்டை பொரித்துப் புழு வெளிவரும். ஒரு வாரமளவில் சதையைத் தின்று வளர்ந்து, பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். பின்னர் ஈயாகிப் பறக்கும். எல்லாம் மூன்று நான்கு கிழமைக்குள் முடிந்துவிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடக் கூடியது.

ஆகவே பெட்டி கட்டும் நாளில் நீங்கள் ஒவ்வொரு பழமாகத் தடவிப் பார்த்து "நல்ல பழம்" என்று வைத்தாலும் உள்ளே முட்டை இருக்கலாம். கட்டுநாயக்கவில் ஏறும்போது முட்டையாக இருப்பது, மகனின் வீட்டுக் குசினியில் பழத்தை வெட்டும் நாளில் புழுவாக இருக்கும். "ஐயோ, இது பழுது" என்று குப்பை வாளியிலோ வீட்டுத் தோட்டத்திலோ எறிந்தால் அடுத்த கட்டம் அங்கே தொடங்கும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஆபிரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2003 இல் கென்யாவில் மாம்பழங்களை அழிக்கும் புதிய ஈ ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே முன்பு எவரும் கண்டிராத இனம். ஆய்வாளர்கள் பல நாட்டு ஈக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இலங்கையில் பிடிக்கப்பட்ட ஈக்களோடு அது ஒத்திருந்தது. 2005 இல், இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் உள்ள பழ ஈ என்றே அதை விபரித்து, "படையெடுப்பது" என்று பொருள்படும் ஒரு விஞ்ஞானப் பெயரும் சூட்டினார்கள். பிற்பாடு 2015 இல், அது ஆசியா முழுவதும் பரந்துள்ள கீழைத்தேயப் பழ ஈயேதான் என்று முடிவாகியது. எமது மாமரத்தில் இருக்கும் அதே ஈ.

அது எந்தப் பெட்டியில், எந்தப் பழத்தில் கடல் தாண்டியது என்று கண்டவர் எவருமில்லை. வர்த்தகப் பொதியாகவும் இருக்கலாம், பிரயாணியின் பையாகவும் இருக்கலாம். ஆனால் சில வருடங்களுக்குள் அது சகாராவுக்குத் தெற்கேயுள்ள பெரும்பாலான நாடுகளுக்குப் பரவிவிட்டது. எமது பகுதியில் இந்த ஈயைத் தின்னும் எதிரிகள் நெடுங்காலமாகவே உண்டு. அங்கே அவை இருக்கவில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் மாமரம் வைத்துப் பிழைத்த ஏழைக் கமக்காரரின் விளைச்சல் புழுவாகிக் கொட்டியது. ஐரோப்பியச் சந்தையும் அடைபட்டது. பழங்களில் திரும்பத் திரும்பப் புழு அகப்பட்டதால், 2014 இல் கென்யா தானாகவே ஐரோப்பாவுக்கு மாம்பழம் அனுப்புவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே 2014 மே மாதம் முதல் இந்தியாவின் அல்போன்சோ மாம்பழத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. 2015 ஜனவரியிலேதான் அந்தத் தடை நீங்கியது.

"என் அயலவன் யார்?" என்று நற்செய்தியில் சட்ட வல்லுநர் ஒருவர் கேட்கிறார். கென்யாவில் மாமரம் வளர்ப்பவரும் எமக்கு அயலவர்தான். அவர் எம்மைப் பார்த்ததில்லை, எமது ஈயை மட்டும் பார்த்திருக்கிறார்.

அவுஸ்திரேலியாவின் கண்டிப்புக்கும் இதே ஈதான் காரணம். 1995 இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கெயான்ஸ் பகுதியில் இந்த ஈ அகப்பட்டது; அப்போது அதைப் பப்பாசிப் பழ ஈ என்று அழைத்தார்கள். ஆண் ஈக்களைக் கவர்ந்து கொல்லும் மருந்துக் கட்டைகளை ஊரெங்கும் கட்டித் தொங்கவிட்டு, பழம் வெளியே போகாமல் வீதிகளில் மறித்துச் சோதித்து, 1999 இல்தான் முற்றாக ஒழித்ததாக அறிவித்தார்கள். செலவு 3 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் மோப்ப நாயும் கதிர்ப் படப் பெட்டியும் வைத்துப் பழம் தேடுவது ஆச்சரியமில்லை.

அங்கே போகிறவர்கள் புதிய பழம், மரக்கறி, இலை, விதை எதையும் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. விமானத்தில் தரப்படும் வருகைப் படிவத்தில் உணவுப் பொருள் உண்டா, தாவரப் பொருள் உண்டா என்ற கேள்விகள் இருக்கும். மிளகாய்த்தூள் பொதி இருந்தாலும் "ஆம்" என்றே எழுத வேண்டும். "ஆம்" என்று எழுதியவரின் பொருளைப் பார்த்துவிட்டு, பிரச்சினை இல்லையென்றால் திருப்பித் தருவார்கள். "இல்லை" என்று எழுதிவிட்டு அகப்பட்டால் அது பொய் வாக்குமூலம். தண்டம் ஆயிரக்கணக்கான டொலர் வரை போகலாம். 2019 முதல் இத்தகைய குற்றத்துக்காக விருந்தினர் வீசாவை விமான நிலையத்திலேயே ரத்துச் செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. அந்த வருடம் ஒக்டோபரில் வியட்நாமிலிருந்து சிட்னிக்குப் போன ஒரு பெண், பன்றி இறைச்சி உட்பட சுமார் பத்துக் கிலோ உணவுப் பொருளைச் சொல்லாமல் கொண்டு போனதற்காக அப்படியே திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று வருடங்களுக்கு வேறு விருந்தினர் வீசாவுக்கும் தடை. பல வருடம் காத்திருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் ஒரு தாய்க்கு இப்படி நேர்ந்தால் அந்த நட்டத்தை எந்த மாம்பழத்தால் ஈடு செய்வது?

நியூசிலாந்திலும் இதே முறைதான். சொல்லாமல் கொண்டு போன ஒரு அப்பிளுக்கும் 400 நியூசிலாந்து டொலர் உடனடித் தண்டம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத்தில் சாப்பாட்டோடு தரும் பழத்தைப் "பிறகு சாப்பிடுவம்" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவது எமது பெரியவர்களின் பழக்கம். அதுவும் குற்றமாகும். 2018 இல் பாரிசிலிருந்து அமெரிக்கா திரும்பிய ஒரு பெண், விமானத்தில் கொடுத்த அப்பிளைப் பைக்குள் வைத்திருந்ததற்காக 500 டொலர் தண்டம் விதிக்கப்பட்டார். விமானத்தில் தந்ததை விமானத்திலேயே சாப்பிடுங்கள், இல்லையேல் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

எமது வாசகர்களின் பிள்ளைகள் அதிகம் இருப்பது ஐரோப்பாவிலும் கனடாவிலும் என்பதால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், அதாவது பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, டென்மார்க் முதலியவற்றில், 2019 டிசம்பர் 14 முதல் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பிரயாணிகள் சிறு அளவில் கொண்டு போக இருந்த சலுகை எடுபட்டுவிட்டது. இப்போது பச்சையான பழம், மரக்கறி, இலை, பூ, விதை எதுவானாலும், அனுப்பும் நாட்டு அரசாங்கம் வழங்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒரு பழமானாலும் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கொண்டு போகக் கூடியவை ஐந்தே ஐந்து பழங்கள்: வாழைப்பழம், அன்னாசி, தேங்காய், பேரீச்சம்பழம், டுரியான். ஐரோப்பியப் பயிர்களுக்குக் கேடு செய்யும் பூச்சிகள் இவற்றின் மூலம் பரவும் அபாயம் மிகக் குறைவு என்று கண்டதால் இவற்றை விலக்கியிருக்கிறார்கள். சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2020 தொடக்கம் இதே ஒழுங்கைத்தான் கைக்கொள்கிறது.

இந்த விலக்கு பழத்துக்கு மட்டுமே. வாழைப்பழம் போகலாம்; வாழையிலை போகாது, வாழைக்குட்டி போகவே போகாது. கலியாண வீட்டுக்கென்று வெற்றிலையும் மாவிலையும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பிரித்தானியா 2020 இல் ஒன்றியத்தை விட்டு விலகிய பின் தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருக்கிறது. ஆகவே பாரிசில் உள்ள தமையன் சொன்னதைக் கேட்டு இலண்டனுக்குப் பெட்டி கட்ட வேண்டாம். இலண்டனில் இருக்கும் பிள்ளையையே அந்த அரசாங்கத்தின் பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை. "பழமில்லையே, வெறும் இலைதானே" என்று பலர் பெட்டியின் ஓரங்களில் செருகுகிறார்கள். கறிவேப்பிலையும் தோடை, தேசி, எலுமிச்சையும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். கறிவேப்பிலைத் தளிரில் இருக்கும் ஒரு சிறு தத்துப்பூச்சி, தோடை மரங்களைக் கொல்லும் பசுமையாதல் நோயைக் காவக்கூடியது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அந்தப் பூச்சி 1998 இலும் நோய் 2005 இலும் வந்து சேர்ந்தன. இருபது வருடத்துக்குள் அங்கே தோடம்பழ விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகத் தோடை வைத்தவர்கள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனார்கள். நிலத்தை விட்டுப் போவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ந்து நொறுங்கும்படி நிழலில் உலர்த்திய இலையில் அந்தத் தத்துப்பூச்சி உயிர் வாழாது. என்றாலும் அதையும் அதிகாரியிடம் சொல்லிவிட்டே கொண்டு போக வேண்டும்.

கனடாவில் எல்லையில் உணவு, தாவரப் பொருள் அனைத்தையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 1,300 கனேடிய டொலர் வரை தண்டம் வரலாம். மண் ஒட்டியிருக்கும் எதையும் அங்கே அனுமதிப்பதில்லை. பனங்கிழங்கை மண்ணோடு பிடுங்கிக் கட்டிக்கொண்டு போவது ஒருக்காலும் ஆகாது.

சான்றிதழ் எடுத்து மாம்பழம் கொண்டு போக முடியாதா என்று கேட்கலாம். எமது நாட்டில் அதை வழங்குவது விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை. அதன் அலுவலகம் கட்டுநாயக்கவில், விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. பழத்தை அங்கே கொண்டு போய்ப் பரிசோதித்துத்தான் சான்றிதழ் பெற வேண்டும். ஆனால் மாம்பழம் போன்ற ஈ பிடிக்கும் பழங்களுக்கு ஐரோப்பா வெறும் பரிசோதனையோடு திருப்திப்படுவதில்லை. ஈ இல்லாத பகுதியில் விளைந்தது, அல்லது ஈயைக் கொல்லும் முறையில் பக்குவம் செய்யப்பட்டது என்ற உறுதியும் கேட்கிறது. ஏற்றுமதி செய்பவர்கள் பழத்தைக் கணக்கான சூட்டு வெந்நீரில், ஏறத்தாழ 46 முதல் 48 பாகை செல்சியசில், ஒரு மணித்தியாலமளவு வைத்து எடுப்பார்கள். சூடு சற்றுக் குறைந்தால் புழு சாகாது, கூடினால் பழம் அவிந்துவிடும். வீட்டுக் கிடாரத்தில் செய்து பார்க்கிற வேலை அல்ல இது; செய்தாலும் எவரும் அதை ஏற்கப் போவதில்லை. கிளிநொச்சியிலிருந்து இராப் பயணம் செய்து பத்துப் பழத்துக்காக இதற்கு அலைவது என் எண்ணத்தில் வீண்.

அதற்குப் பதிலாக என்ன கொண்டு போகலாம்? பக்குவப்படுத்திய பொருட்களில் ஈ முட்டை உயிரோடு இராது. பனாட்டு, புழுக்கொடியல், ஒடியல் மா, மாங்காய் ஊறுகாய், மாம்பழ ஜாம், நன்றாக உலர்த்திய மாம்பழத் துண்டு ஆகியவை ஐரோப்பாவின் இந்தப் பச்சைப் பழச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இவற்றையும் படிவத்தில் எழுதவே வேண்டும். பழைய பால்மாப் பைக்குள் சுற்றி நூலால் கட்டிய பொதியைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். துப்புரவான பொதியில் அடைத்து, உள்ளே இருப்பது என்ன, எதனால் செய்தது என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எமது மாதர் சங்கங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆனி மாதத்தில் மரத்தடியில் அழுகும் பழத்தை ஆடி மாதத்தில் ஜாம் போத்தலாக விற்கலாம். வாங்குவதற்குப் பயணக்காரர் இருக்கிறார்கள்.

விமானத்துக்குள் ஏற்றுவதிலும் சில ஒழுங்குகள் உண்டு. ஊறுகாய், ஜாம், பாணி போன்றவை திரவம் என்றே கணிக்கப்படும். 2006 ஆம் ஆண்டு இலண்டனில் வெடிபொருள் சதி பிடிபட்ட பின் வந்த விதிப்படி, கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலை மறித்துவிடுவார்கள். சில விமான நிலையங்கள் இப்போது இதைத் தளர்த்தியிருந்தாலும், இடையில் மாறும் விமான நிலையத்தில் பிடிபடலாம். ஆகவே இவற்றைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். தண்ணீருள்ள தேங்காயும் பெரிய பெட்டிக்கே உரியது. கொப்பறா வேறு, அது தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது என்று விமானப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டுரியான், பழுத்த பலாப்பழம் போன்றவற்றை மணம் காரணமாகப் பல விமானக் கம்பனிகள் ஏற்க மறுக்கும்.

இவ்வளவும் போகிறவர்களுக்கு. வருகிறவர்களுக்கும் சட்டம் உண்டு, கமக்காரரான எமக்கு அது இன்னும் கிட்டிய விடயம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவசாயத் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பழமோ கன்றோ விதையோ இலங்கைக்குள் கொண்டு வரக் கூடாது. இந்தச் சட்டத்தை நாம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. விளைவை மட்டும் கண்டிருக்கிறோம்.

1997 இன் இறுதியில் கற்பிட்டிப் பகுதியில் தென்னை மைற்றா எனும் சிற்றுண்ணி முதன் முதலில் காணப்பட்டது. வடக்கிலிருந்து 1990 இல் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் அப்போது அந்தப் பக்கத்து முகாம்களில்தான் இருந்தன. குரும்பை வடுப்பட்டுச் சிறுத்துப் போனதை அவர்கள் நேரிலே கண்டவர்கள். 2008 இல் மெக்சிக்கோ நாட்டுக்குரிய பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி வந்தது. பப்பாசியிலிருந்து மரவள்ளி, செவ்வரத்தை என்று எல்லாவற்றிலும் வெள்ளை மா பூசினாற்போல் அப்பியது. அதற்கு மருந்தடித்துப் பலன் கிடைக்கவில்லை; அடுத்த வருடம் அதன் இயற்கை எதிரியான ஒரு நுண்ணிய குளவியைத் தருவித்து விட்ட பின்பே அடங்கியது. 2018 இல் அமெரிக்கக் கண்டத்துக்குரிய சேனா படைப்புழு, ஆபிரிக்காவையும் இந்தியாவையும் கடந்து எமது சோளத்துக்கு வந்தது. மீளக் குடியேறிக் கடன் பட்டுச் சோளம் விதைத்தவர்கள் அந்தப் பெரும்போகத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றில் எதையும் ஒரு பிரயாணி வேண்டுமென்று கொண்டு வந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. சேனா காற்றோடு பறந்து வரக் கூடியது. ஆனால் பையில் வருவதையாவது நாம் தடுக்கலாம்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்புகிறவர்களுக்கும், உறவினரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டு, சென்னைக்கான சேவை அந்த வருடம் நவம்பரில் தொடங்கியது. இடையில் நின்றிருந்து 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. ஒரு மணி நேரப் பயணம் என்றபடியால் கன்றுகளைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு வருவது இலகுவாகிவிட்டது. அங்கே வைத்திருந்த மல்லிகைப் பதியன், ஒட்டு மாங்கன்று, வாழைக்குட்டி என்று பாசத்தோடு கொண்டு வருகிறார்கள். இவற்றில் வாழைக்குட்டிதான் மிகவும் ஆபத்தானது. பனாமா வாடல் நோயின் புதிய, கொடிய வகை இந்தியாவின் பீகார் மாநிலத்தில் காணப்பட்டிருக்கிறது. அது கிழங்கிலும் அதில் ஒட்டிய மண்ணிலும் வரும், ஒரு நிலத்தில் புகுந்தால் பல பத்து வருடம் மண்ணிலேயே கிடக்கும், மருந்து கிடையாது. இருபது முப்பது வருடம் காத்திருந்து திரும்பப் பெற்ற காணியில் அதைக் கையாலே நடுவதா?

கன்று வேண்டியவர்கள் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். திணைக்களப் பண்ணைகளிலும் பதிவு பெற்ற நாற்றுமேடைகளிலும் ஒட்டுக் கன்றுகள் கிடைக்கும். வளவில் நிற்கும் பழைய கறுத்தக்கொழும்பானிலிருந்தே ஒட்டுக் கிளை எடுத்துக் கன்று உண்டாக்கவும் அவர்கள் காட்டித் தருவார்கள். அந்த மரத்தடியில் விழும் புழுப் பழங்களை அன்றன்றே பொறுக்கி, கறுத்தப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பழத்துக்கு முற்ற முன்னமே கடதாசிப் பை கட்டிவிட்டால், பயணத்துக்கு உதவாவிட்டாலும், வீட்டில் இருக்கிறவர்கள் புழு இல்லாத பழம் சாப்பிடலாம்.